எஞ்சினுக்குத் தண்ணீர் ருசி பார்த்தவர்

கடலை ஒட்டிப் போன அந்த ரயில் பாதையில் ஒருத்தருக்குக் கை சோறு போட்டது, ஒருத்தருக்குத் தோள் சோறு போட்டது. அவருக்கு மட்டும் நாக்கு சோறு போட்டது. பேசிப் பிழைத்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். பேச்சில் அவர் மகா கஞ்சன். கரி எஞ்சின்கள் ஓடிய காலத்தில், பாதி வழியில் இருந்த ஸ்டேஷனில் அவர் பம்ப்காரர். கிணற்றுத் தண்ணீரை இறைத்து, நாலு இரும்புக் கால்களில் நின்ற பெரிய டேங்கில் ஏற்றி, வந்து நிற்கிற எஞ்சினுக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் டேங்கின் அடிக்குழாயில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த தகரக் குவளையில் ஒரு மடக்கு பிடித்து அவர் குடித்துப் பார்க்க வேண்டும். அவர் தலையாட்டினால்தான் எஞ்சினுக்குத் தண்ணீர்.

ஏன் இந்தக் கூத்து என்றால், கிணறு கடலிலிருந்து இருநூறு அடி தூரத்தில் இருந்தது. கடல் ஏறும்போது கிணறு கரிக்கும், வற்றும்போது தெளியும். அதனால் பம்ப் ஓடுவது ரயில் கடிகாரப்படி இல்லை, கடல் கணக்குப்படி. வற்றும் நேரத்தில் மட்டும் இறைக்க வேண்டும். உப்புத் தண்ணீர் பாய்லருக்குள் போனால் சோப்பு போட்ட மாதிரி நுரைத்துக்கொண்டு எழும்பும். அந்த நுரை, டிரைவர் தண்ணீர் மட்டம் பார்க்கிற கேஜ் கண்ணாடியிலும் தண்ணீர் போலவே ஏறி நிற்கும். கண்ணாடியைப் பார்த்தால் தண்ணீர் ததும்பும். உள்ளே அடுப்புக்கு மேல் இரும்பு காய்ந்து கிடக்கும். காய்ந்த இடத்தில் ஓர் ஈயக் குமிழ் உண்டு. அது உருகினால் நீராவி அத்தனையும் அடுப்புக்குள் பாய்ந்து, அடுப்புக் கதவு வழியாக வெளியே சீறும். அந்தக் கதவுக்கு நேர் எதிரே நிற்பவன் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன்.

ஒரு தடவை மேலதிகாரி ஒருவர் அவரைச் சோதிக்க மூன்று குவளைத் தண்ணீர் கொண்டுவந்தார், ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை உப்பு. இவர் வரிசையாக நக்கிப் பார்த்துவிட்டு, "கடைசியில இருக்கிறது உப்பு போட்டது. முதல்ல இருக்கிறது நம்ம கிணறு. நடுவுல இருக்கிறது உங்க வீட்டுத் தண்ணி, பானையை நல்லாக் கழுவச் சொல்லுங்க" என்றார். அன்றிலிருந்து நாக்குக்காரர் என்ற பெயர் நிலைத்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளத் தாளில் மட்டும் கிடந்தது.

இருபத்தைந்து வயதில் கல்யாணம். மனைவி மூன்று உருப்படிகளோடு வந்தாள்: ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், ஆறு வயதுத் தம்பி. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள். தம்பியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். இவரும் சரி என்றார். அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. தோளில் ஏற்றியது, காய்ச்சலில் கண்விழித்தது எல்லாம் அந்த மச்சானுக்குத்தான். பையன் வளர்ந்து கரி எஞ்சின் என்றால் உயிரை விடுகிறவனாக ஆனான். நாக்குக்காரரே நாலு பேர் காலைப் பிடித்து அவனை ஃபயர்மேன் வேலையில் சேர்த்துவிட்டார். ஊர் அவனைக் கரிக்காரன் என்றது. இருபத்து மூன்று வயதில் பெண் நிச்சயமாயிற்று.

நிச்சயமாகி ஒன்பதாம் நாள் அது நடந்தது. நாக்குக்காரருக்குக் காய்ச்சல் மூன்றாம் நாள். மாற்று ஆள் வரவில்லை. பம்ப் அறையிலேயே கண் அசந்துவிட்டார். விழித்துப் பார்த்தால் கடல் திரும்பி ஏறத் தொடங்கி வெகுநேரம் ஆகியிருக்கிறது, டேங்க் பாதிதான் நிறைந்திருக்கிறது, வண்டி வர நாற்பது நிமிடம். அவசரமாக இறைத்து நிரப்பினார். குவளையில் பிடித்துக் குடித்தார். ஒன்றும் தெரியவில்லை. காய்ச்சலில் நாக்கு செருப்புத் தோல் மாதிரி கிடந்தது. இன்னொரு மடக்கு, இன்னொரு மடக்கு. உப்பும் இல்லை, இனிப்பும் இல்லை, தண்ணீர் என்பதே இல்லை.

கிணறு சரியில்லாத நாளுக்கென்று ஸ்டேஷனுக்குப் பின்னால் சின்ன டேங்க் ஒன்று இருந்தது. அதிலிருந்து குழாய் மாட்டி ஊற்றினால் வண்டி அரை மணி தாமதமாகும், அவ்வளவுதான். "இன்னைக்கு எனக்கு ருசி தெரியல" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வண்டி வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "என்னய்யா, தண்ணி எப்படி?" என்றார். பிளாட்பாரத்தில் பத்துப் பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அருமையான தண்ணி" என்றார் நாக்குக்காரர்.

எஞ்சின் மேலிருந்து மச்சான் பல் தெரியச் சிரித்தான். "மாமா நாக்கு சொல்லிட்டா அதுக்கு மேல அப்பீல் ஏது!"

ஏழு மைல் தாண்டி ஈயக் குமிழ் உருகியது. டிரைவர் ஓரமாக நின்றதால் கையில் மட்டும் காயத்தோடு தப்பினார். கரிக்காரனுக்கு முகத்தின் வலப்பக்கம், கழுத்து, மார்பு, வலது கை எல்லாம் வெந்துபோயிற்று. ஐந்து மாதம் ஆஸ்பத்திரி. பெண் வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். பிறகு ரயில்வேயே அவனுக்கு லெவல் கிராசிங்கில் கேட் மூடித் திறக்கிற வேலை கொடுத்தது. விசாரணையில் நாக்குக்காரர், "என் நாக்குக்கு நல்ல தண்ணியாத்தான் பட்டுச்சு" என்றார். நாக்கு ஒரு நாள் ஏமாந்துவிட்டது என்று எழுதி மூடினார்கள். காய்ச்சலில் ருசி தெரியாமல் போனதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. மச்சான் அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினான். கேட்டுக்குப் பக்கத்து வீட்டில் தனியாக இருந்தான். அக்கா மட்டும் போய்வந்தாள்.

நாலு வருஷத்தில் கரி எஞ்சின்களும் நின்றுபோயின. ஊர் அழுதது, இன்றைக்கும் அழுகிறது. சலூனில் போய் உட்கார்ந்தால் அந்த விசில் என்ன, அந்தப் புகை வாசனை என்ன, அலை ஒரு பக்கம் எஞ்சின் ஒரு பக்கம் மூச்சு விட்ட அழகு என்ன என்று ஆளாளுக்கு உருகுவார்கள். நாக்குக்காரர் பாதிச் சவரத்தில் எழுந்து வந்த நாளும் உண்டு. உருக அவருக்கும் ஆசைதான். எஞ்சின் தண்ணீர் குடிக்கிற சத்தம் கனவில் கேட்கும். மடக் மடக் என்று, தாகம் எடுத்த மாடு குடிக்கிற மாதிரி. ஆனால் அந்தச் சத்தத்தின் முடிவில் எப்போதும் மச்சானின் சிரிப்பு வந்து நிற்கும். விழித்துக்கொள்வார்.

விபத்து நடந்து முப்பத்திரண்டு வருஷம் போன பிறகுதான் ஸ்டேஷன் சுவரில் தாள் ஒட்டினார்கள். பாதை போட்டு நூறு வருஷம் ஆகிறதாம். பழுது பார்த்த ஒரு கரி எஞ்சின் ஒரே ஒரு நாள் கடலோரமாக ஓடப்போகிறதாம். பழைய கிணற்றைத் தூர்வாரி, மின்சார மோட்டார் வைத்து, பழைய டேங்கிலேயே தண்ணீர் ஏற்றுகிறார்கள். பாதையின் பழைய ஃபயர்மேன்களில் உடம்பில் தெம்போடு மிஞ்சியவர் கரிக்காரர் ஒருவர்தான். மாலை போட்டு அவரையே எஞ்சினில் ஏற்றப்போகிறார்கள்.

நாக்குக்காரர் கிட்டே போய் நின்றார். தேதியைப் பார்த்தார். கோடைக் கடைசி, பௌர்ணமிக்கு மறுநாள். காலை எட்டிலிருந்து பத்து வரை தண்ணீர் ஏற்றி, பதினொன்றுக்கு வண்டி. அன்றைக்குக் கடல் உச்சத்தில் நிற்கிற நேரம் ஒன்பதரை.

முந்தின நாள் அதே நேரத்துக்கு ஒரு செம்போடு கிணற்றடிக்குப் போனார். எட்டிப் பார்த்தார். உள்ளே கல் படிகளில் கீழிருந்து அஞ்சாவது படி முழுகியிருந்தது; அந்தக் காலத்தில் அஞ்சாவது படி முழுகினால் பம்ப் பக்கமே போகமாட்டார். மொண்டு குடித்தார். ஒன்றும் தெரியவில்லை. வயசும், இரத்தக் கொதிப்பு மாத்திரையும் சேர்ந்து அவர் நாக்கைத் தின்று நாலைந்து வருஷம் ஆகிறது. வீட்டில் மனைவி கொடுக்கிற எதிலும் உப்பு இல்லை என்பார். அவள், "உப்பு டப்பாவையே வாயில கவுத்துக்குங்க" என்பாள்.

செம்பைக் கொண்டுவந்து அவள் முன்னால் நீட்டினார். "ஒரு வாய் குடிச்சுப் பாரு."

"எங்க எடுத்த தண்ணி?"

அவர் ஸ்டேஷன் பக்கம் பார்த்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. தம்பி வெந்த நாளிலிருந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரை அவள் கையால் தொட்டதில்லை. கொஞ்ச நேரம் செம்பையே பார்த்தாள். பிறகு வாங்கி ஒரு வாய் குடித்தாள். முகம் சுருங்கியது. வாசலுக்குப் போய்த் துப்பினாள்.

"கண்ணீர் மாதிரி கரிக்குது" என்றாள்.

அந்தத் தண்ணீரைச் சட்டியில் ஊற்றிச் சுண்டக் காய்ச்சினார். அடியில் வெள்ளையாகப் படிந்தது. சட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஓடினார். ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனிதர், ஆனால் அன்றைக்கு ஒரு கையில் போன், மறு கையில் தோரணம்.

"பெரியவரே, எந்தத் தண்ணியைக் காய்ச்சினாலும் அடியில வெள்ளை படியும். எங்க வீட்டுக் கெட்டிலை வந்து பாருங்க."

"எஞ்சினுக்கு ஆகாதுங்க. கடல் ஏறுற நேரம். இறைக்கக் கூடாது."

மாஸ்டர் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். பரிசோதனைச் சாலை முத்திரை. "தண்ணி நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க."

"எப்ப எடுத்த தண்ணிங்க?"

"ரெண்டு மாசம் முன்னாடி."

"அப்பக் கோடை மழை பெஞ்சுது. எத்தனை மணிக்கு மொண்டாங்க?"

"அதெல்லாம் யாருய்யா எழுதி வைப்பா?" மாஸ்டரின் குரல் ஏறியது, பிறகு தணிந்தது. "நீங்க குடிச்சுப் பார்த்தீங்களா? உங்களுக்கு உப்புத் தெரிஞ்சுதா? சொல்லுங்க, எழுதி மேல அனுப்புறேன்."

நாக்குக்காரர் சட்டியைக் கீழே வைத்தார். "எங்க வீட்டுக்காரி குடிச்சுப் பார்த்துச் சொன்னா" என்றார்.

பக்கத்தில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவன் ஏணியில் இருந்தபடியே, "நாக்கை வீட்டம்மாகிட்ட கொடுத்துட்டுப் பென்ஷன் வாங்கிட்டாரு போல" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். சட்டியைத் திரும்பவும் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார்.

இனி ஒரே வழிதான் இருந்தது. மத்தியானம் புருஷனும் பெண்சாதியும் கேட்டுக்குப் பக்கத்து வீட்டுக்கு நடந்தார்கள். படலுக்கு வெளியே அவர் நின்றுகொண்டார். முப்பத்திரண்டு வருஷத்தில் அந்தப் படலைத் தாண்டியதில்லை. உள்ளே முற்றத்தில் கரிக்காரர் ஒரு பீப்பாயின் வாயைத் தகரத்தால் பாதி அடைத்து அடுப்புக் கதவு மாதிரி ஆக்கி, மணலை மண்வெட்டியால் அள்ளி அள்ளி அதற்குள் வீசிக்கொண்டிருந்தார். மணிக்கட்டுக்குப் பழைய சுழற்சி வருகிறதா என்று பழகுகிறார். ஐம்பத்தைந்து வயது. வெந்த கை முழுக்க மடங்காது. ஒவ்வொரு வீச்சுக்கும் பல்லைக் கடித்தார். முகத்தில் மட்டும் அந்தப் பழைய சிரிப்பின் நிழல்.

"தம்பி, நாளைக்கு ஏறாதடா" என்றாள் அக்கா.

"உக்காருக்கா. இந்த வெயில்ல வந்திருக்க. தண்ணி குடிக்கிறியா?"

"கிணத்துத் தண்ணி கரிக்குதுடா. நானே குடிச்சுப் பார்த்தேன்."

மண்வெட்டி ஒரு நொடி நின்றது. "நீயா பார்த்தியா, இல்ல வெளியில நிக்கிறவர் பார்க்கச் சொன்னாரா?"

"அவர் சொன்னா என்ன? நாக்கு என்னுதுதானே?"

"அக்கா, உன் புருஷன் ஒரு தடவை நல்ல தண்ணின்னாரு, வெந்தேன். இப்ப கெட்ட தண்ணிங்கறாரு. அப்போ கண்டிப்பா நல்ல தண்ணியாத்தான் இருக்கும்." சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "பரிசோதனைத் தாளை நான் பார்த்தேன். இத்தனை வருஷமா கேட்டைத் தூக்குறேன், இறக்குறேன். வண்டி போறதைப் பார்த்துக்கிட்டே நிக்கிறேன். ஒரே ஒரு நாள் அந்தக் கதவு முன்னாடி நின்னுட்டு வந்துடுறேன். அதையும் கெடுக்காதீங்க."

படலுக்கு வெளியே நாக்குக்காரருக்கு அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. அன்றைக்கு என் நாக்கு ஏமாறவில்லை, மாப்பிள்ளை. எனக்கு ருசியே தெரியவில்லை, தெரியாமலே சொன்னேன். இதைச் சொன்னால் ஒருவேளை நம்புவான். நம்பினால் ஏறமாட்டான். படலின் மூங்கில் குச்சியை இறுகப் பிடித்துக்கொண்டார். உள்ளே மண்வெட்டி மறுபடி மணலில் இறங்கியது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "வாங்க போகலாம்."

மறுநாள் காலை எட்டுக்கு மோட்டார் ஓடியது. கிணற்றில் அஞ்சாவது படி முழுகி ஆறாவதிலும் தண்ணீர் நக்கியது. டேங்க் நிறைய நிறைய, நாக்குக்காரர் அதன் நிழலிலேயே உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. அவ்வளவு கூட்டம். அன்றைக்குப் பிறக்காதவர்கள்கூட அந்தக் காலம் மாதிரி வருமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

பத்தே காலுக்கு வளைவுக்கு அப்பால் விசில் கேட்டது. முதலில் புகை வந்தது, பிறகு வாசனை. கரியும் எண்ணெயும் ஈர இரும்பும் கடல் காற்றும் கலந்த அந்த வாசனைக்கு மட்டும் அவர் மூக்கு சாகவில்லை. எஞ்சின் கறுப்பாக, பளபளவென்று, பெருமூச்சு விட்டுக்கொண்டு வந்து அவருக்கு எதிரிலேயே நின்றது. கண்ணில் நீர் முட்டியது. அவ்வளவு அழகு. கரிக்காரருக்கு மாலை போட்டுக் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். மேலே போனதும் அவர் அடுப்புக் கதவின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார், யாரோ ஒருத்தர் கையைத் தொடுவது போல. தண்ணீர்க் குழாயை எஞ்சின் பக்கம் திருப்ப ஆள் வந்தான்.

நாக்குக்காரர் டேங்குக்கு அடியில் புகுந்தார். டேங்கைக் கழுவித் தண்ணீரை வெளியே விடுகிற வால்வு எங்கே இருக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். சக்கரத்தைப் பிடித்துத் திருகினார். புது பெயின்ட் பிடித்துக்கொண்டிருந்தது. அசையவில்லை. தோளைக் கொடுத்தார். மூச்சு இரைத்தது. அப்போது பக்கத்தில் இன்னும் இரண்டு கைகள் வந்து சக்கரத்தைப் பிடித்தன.

"தள்ளுங்க அந்தப் பக்கம்" என்றாள் மனைவி. "தனியா நின்னு நீங்க பண்ணின லட்சணம் போதும்."

சக்கரம் கிறீச்சிட்டுச் சுற்றியது. டேங்க் தண்ணீர் அத்தனையும் ஒரே பாய்ச்சலாகக் கீழே விழுந்தது. தண்டவாளத்துக்கு நடுவே ஓடியது, பிளாட்பாரத்து ஓரமாக ஓடியது, நல்ல செருப்பும் புதுப் புடைவையும் நனைந்தன. முதலில் குழாய் உடைந்துவிட்டது என்று கத்தினார்கள். பிறகு நனைந்துபோய் நின்ற இரண்டு கிழங்களையும் பார்த்தார்கள். அதற்குமேல் கேட்ட வார்த்தைகளை எழுத வேண்டாம். சட்டையைப் பிடித்த கைகளிலிருந்து மாஸ்டர்தான் பிடுங்கிக் கொண்டுபோய்ப் பார்சல் அறையில் இருவரையும் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். அவருக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. "ஏன் பெரியவரே? நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?"

டேங்க் மறுபடி நிறைய இரண்டு மணி நேரம் ஆகும். பாதையில் அடுத்தடுத்து வேறு வண்டிகள், அவ்வளவு இடைவெளி இல்லை. டீசல் எஞ்சினைக் கொண்டுவந்து பெட்டிகளில் மாட்டினார்கள். கரி எஞ்சினின் நெருப்பைக் கீழே தள்ளி அணைக்கிற சத்தமும், நீராவியைத் திறந்துவிடுகிற நீண்ட சீற்றமும் பார்சல் அறைக்குள் கேட்டன. வெளியே ஒரு குரல், "பாவி, செத்துப்போன கரி எஞ்சினை இன்னொரு தரம் சாகடிச்சுட்டான்" என்றது. மனைவி அவர் முதுகில் கை வைத்து மெல்லத் தடவிக்கொடுத்தாள். ஈரத்தில் அவர் உடம்பு நடுங்கியது.

கதவு திறந்தது. கரிக்காரர். மாலை இல்லை. கையில் அந்தப் பழைய தகரக் குவளை, அறுந்த சங்கிலியோடு. தண்டவாளத்து ஓரம் தேங்கியதிலிருந்து மொண்டிருக்க வேண்டும். அடியில் மணல் தெரிந்தது. அக்காவைப் பார்க்கவில்லை. நேரே வந்து குவளையை அவர் முன்னால் நீட்டினார்.

"குடிச்சுட்டுச் சொல்லுங்க. என்ன தண்ணி?"

முப்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் பேச்சு. நாக்குக்காரர் இரண்டு கையாலும் வாங்கினார். குவளை பல்லில் இடித்தது. ஒரு மடக்கு குடித்தார். வாயில் வைத்துக்கொண்டே இருந்தார். உப்பு என்று சொல்லிவிடலாம். சொன்னால் சரியாகவும் இருக்கும். விழுங்கினார்.

"தெரியல, மாப்ள."

"தெரியலையா?"

"நாலஞ்சு வருஷமா எதுவும் தெரியறதில்ல. படிக்கணக்கை வெச்சுத்தான் சொன்னேன். உங்க அக்காதான் குடிச்சா."

கரிக்காரர் குவளையைத் திரும்ப வாங்கினார். வெந்த பக்கத்துக் கண் மூடுவதில்லை. அது அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. "நான் இப்பக் குடிச்சேன். உப்பு" என்றார். பிறகு, மெதுவாக, "அன்னைக்கு?" என்றார்.

"அன்னைக்கு மூணு நாளாக் காய்ச்சல். அன்னைக்கும் தெரியல."

வெளியே டீசல் எஞ்சின் ஹாரன் அடித்தது. ஜனங்கள் ஏறுகிற சத்தம், கதவுகள் சாத்துகிற சத்தம். வண்டி நகர்ந்து போய், சத்தம் தேய்ந்தது.

"சொல்லியிருந்தா வண்டி அரை மணி நேரம் லேட்டாகியிருக்கும்" என்றார் கரிக்காரர். "அவ்வளவுதானே, மாமா?"

நாக்குக்காரர் தலையை ஆட்டினார். முதுகில் இருந்த மனைவியின் கை மெல்ல விலகியது.